நுண்ணலையும் மார்பகப் புற்றுநோயும்

பௌதிகவியல் வரலாற்றிலே 1895ஆம் ஆண்டு இருமடங்கு சிறப்புடையது. அவ்வாண்டின் இறுதியிற் செருமனி நாட்டிலே றொஞ்சன் என்னும் அறிஞர் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். அதே ஆண்டிற் கல்கத்தா நகர மண்டபத்தில் ஜகதீஸ் சந்திர போஸ், கண்ணுக்குப் புலனாகாத மின்காந்த அலைகளைச் சுவரினூடு செலுத்தி, அப்பாலிருந்த மணியை ஒலிக்கச் செய்தும் வெடிமருந்தைப் பற்றவைத்தும் காட்டினார். அவர் கையாண்ட அலைகள் சில மில்லிமீற்றர் நீளமே உடையன. இன்று நாம் நுண்ணலை என வழங்கும் இனத்தைச் சேர்ந்தன. றொஞ்சனின் கதிர் சில மாதங்களுள் வைத்தியசாலை புகுந்து முறிந்த எலும்பைக் காட்டத் தொடங்கிற்று. போஸின் அலையோ றேடாருக்கும் அடுப்புக்கும் தொலைபேசிக்கும் பயன்பட்டு, ஏறத்தாழ நூறாண்டு கழிந்த பின்னரே நோயாளியின் படுக்கையருகே வந்து சேர்ந்தது. வந்த அவ்வலை மார்பகப் புற்றுநோயைக் கண்டறிவதில் எவ்வளவு செய்துள்ளது, எதைச் செய்ய இயலாது நிற்கின்றது என்பனவற்றை இங்கு நோக்குவாம்.

இலங்கைப் பெண்களிடம் காணப்படும் புற்றுநோய்களுள் மார்பகப் புற்றுநோயே முதலிடம் வகிக்கின்றது. புதிதாகக் கண்டறியப்படும் பெண் நோயாளர் நால்வருள் ஏறத்தாழ ஒருவருக்கு இந்நோயே. ஆண்களுக்கும் இது அரிதாக வருவதுண்டு. கட்டி சிறிதாயிருக்கும்போதே, கமக்கட்டிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் பரவுமுன், கண்டுகொண்டால் பலருக்கு மார்பு முழுவதையும் அகற்றவேண்டிய தேவை இல்லை. கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்ச்சிகிச்சை அளித்துக் குணப்படுத்தலாம். காலந்தாழ்த்தின், நோய் எலும்புக்கும் ஈரலுக்கும் நுரையீரலுக்கும் செல்லும். அப்பொழுது வைத்தியர் செய்யக்கூடியது சுருங்கிவிடும். ஆகவே இந்நோயைப் பொறுத்தவரை ‘என்ன மருந்து?’ என்னும் வினாவிலும் ‘எப்பொழுது கண்டோம்?’ என்னும் வினாவே பெரிது. நம்மவரோ ‘மார்பகம்’ என்னும் சொல்லைச் சபையிற் கூறவும் நாணுவர். கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலே மேனாட்டு உடற்கூற்று நூலையும் சத்திரவைத்திய நூலையும் தமிழிற் பெயர்த்து, தமிழிலேயே வைத்திய மாணவருக்குக் கற்பித்த ஊர் மானிப்பாய். அதற்குச் சில கட்டை தொலைவில் வாழும் நாம் ஓர் உறுப்பின் பெயரைக் கூற நாணுதல் பொருந்தாது. ஆதலின் இவ்விழா மலரிலே இப்பொருளை எடுத்துக்கொள்வதற்கு யான் தயங்கவில்லை.

இந்நோயைத் தேட இன்று பெரிதும் பயன்படுவது எக்ஸ் கதிர்ப் படமே. 1913இற் பேர்லின் நகரச் சத்திரவைத்தியர் சலோமன் என்பார், அறுத்தெடுத்த மார்பகங்களை எக்ஸ் கதிராற் படமெடுத்து, புற்று எவ்வாறு தோன்றுகின்றது என முதன்முதல் ஆராய்ந்தார். நோய்க்குறி எதுவுமற்ற பெண்களைப் பெருந்தொகையாக இம்முறையாற் சோதித்துப் பார்க்கும் முதற்பெரும் ஆய்வு 1963இல் நியூயோர்க்கில் ஆரம்பமாயிற்று. சோதிக்கப்பட்டோரிடை இந்நோயால் இறப்போர் தொகை குறைந்ததை அது காட்டிற்று. எக்ஸ் கதிரின் தொண்டைக் குறைத்துப் பேசுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயினும் அதற்குக் குறைகள் உண்டு. மார்பகத்தை இரு தட்டுக்களுக்கிடையே அழுத்தியே படமெடுத்தல் வேண்டும். அது சிலருக்கு நோவைத் தரும். அக்கதிர், சிறிய அளவினதாயினும், கலங்களின் மூலக்கூறுகளைச் சிதைக்கவல்ல இனத்தது. ஆதலின் எண்ணிறந்த முறை எடுத்தல் ஆகாது. இவையிரண்டிலும் பெரிய குறை ஒன்றுண்டு. மார்பகத்திற் கொழுப்பு இழையமும் பால்சுரக்கும் சுரப்பி இழையமும் நாரிழையமும் விரவியுள்ளன. கொழுப்பு, படத்திலே கருமையாகத் தோன்றும். சுரப்பியும் நாரும் வெண்மையாகத் தோன்றும். புற்றும் வெண்மையாகவே தோன்றும். முதுமையிற் கொழுப்பு மிகுந்த மார்பகத்தில் வெண்கட்டி எளிதிற் புலப்படும். இளமையிற் சுரப்பி செறிந்த மார்பகத்திலோ, அது வெண்முகிலினுள்ளே பறக்கும் வெண்கொக்குப் போல மறைந்துவிடும். நுண்ணலையை நாடி அறிஞர் சென்றதற்கு முதற்காரணம் இதுவே.

நுண்ணலை என்னும் பெயர் சிறிது மயக்கந் தருவது. வீட்டிலுள்ள நுண்ணலை அடுப்பின் அலை செக்கனுக்கு 245 கோடி முறை அதிர்வது. அதன் நீளம் ஏறத்தாழ 12 சதமமீற்றர், அஃதாவது ஒரு சாண் அளவிற் சற்றேறக்குறைய அரைப்பங்கு. இதனை ‘நுண்’ என்றது, நூற்றுக்கணக்கான மீற்றர் நீளமுடைய பழைய வானொலி அலைகளை நோக்கியேயன்றி வேறன்று. இவ்வலைக்குக் கலங்களின் மூலக்கூறுகளைப் பிளக்கும் ஆற்றல் இல்லை. மிகுந்த சத்தியுடன் செலுத்தினாற் சூடாக்கும், அவ்வளவே. ‘அடுப்பிலுள்ள அலையை உடம்பிற் செலுத்துவதா?’ என அஞ்சுவோர் ஒன்றை அறிதல் நன்று. அடுப்பு ஏறத்தாழ ஆயிரம் உவாற்றுச் சத்தியை ஒரு மூடிய பெட்டிக்குள் அடக்கிச் செலுத்துவது. படமெடுக்கும் கருவி செலுத்துவதோ பெரும்பாலும் உவாற்றின் ஆயிரத்திலொரு பங்கே. நாம் காதோடு அணைத்துப் பேசும் கைத்தொலைபேசி வீசுவதிலும் அது குறைவு.

இனி, இவ்வலை உடம்பினுள் எதைக் காண்கின்றது? ஒரு சொல்லில் விடை கூறின், நீரைக் காண்கின்றது. பொருளொன்று மின்புலத்துக்கு எவ்வளவு இணங்கித் தன் மின்னேற்றங்களைத் திருப்பிக்கொள்கின்றது என்பதை அளக்கும் எண்ணை மின்னுழைய மாறிலி என்பர். வெற்றிடத்துக்கு அது 1. செக்கிலாட்டிய நல்லெண்ணெய் போன்ற எண்ணெய்களுக்கு 2க்கும் 3க்கும் இடைப்பட்டது. கிணற்று நீருக்கோ ஏறத்தாழ 80. எண்ணெய்க்கும் நீருக்கும் கண்ணாற் காணும் வேற்றுமை சிறிது. நுண்ணலை காணும் வேற்றுமை முப்பது மடங்கு. மார்பகத்திலும் இவ்வாறே. கொழுப்பிழையம் எண்ணெயை ஒத்தது. அதன் எண் ஏறத்தாழ 5. புற்றுக் கலங்கள் பெருகுமிடத்திற் புதிய இரத்தக்குழாய்கள் முளைத்து, நீரும் உப்பும் மிகுதலால், அதன் எண் 50ஐ அண்மும். எக்ஸ் கதிர் இவ்விரண்டினிடைக் காணும் வேற்றுமை நூற்றுக்குச் சில வீதமே. நுண்ணலை காண்பதோ பத்து மடங்கு. இக்கணக்கைப் பார்த்த எவரும், புற்றுநோயைக் கண்டறியும் பிரச்சினை தீர்ந்ததென்றே எண்ணுவர். அவ்வாறே எண்ணினர்.

வேற்றுமையை உருவமாக்குவது எங்ஙனம்? தவிற்கலைக்குப் பேர்போன அளவெட்டியிலே இதனை விளக்குதல் எளிது. தவிலின் தோலை விரலாற் சுண்டி, எழும் நாதத்தைக் கொண்டே அதன் இறுக்கத்தையும் குறையையும் அறிவர் வல்லுநர். 1761இல், வியன்னா நகர வைத்தியர் அவுவன்புறுக்கர், மதுப்பீப்பாயைத் தட்டி உள்ளிருக்கும் மதுவின் மட்டத்தை அறிவதுபோல, நோயாளியின் மார்பைத் தட்டி உள்ளே நீர் கோத்திருப்பதை அறியலாமென எழுதினார். அவர் விடுதிக்காரர் ஒருவரின் மகன். வைத்தியர் இன்றும் நம் முதுகில் விரல்வைத்துத் தட்டுவது அதன் வழிவந்ததே. நுண்ணலைப் படமும் இவ்வாறு தட்டிக் கேட்பதுதான். தட்டுவது அலை, கேட்பது அன்ரெனா என்னும் உணர்கொம்பு.

இதனை இரு வழியாற் செய்வர். முதலாவது றேடார் வழி. மிகக் குறுகிய துடிப்பொன்றைச் செலுத்தி, எவ்விடத்திலிருந்து எத்துணைக் காலங்கழித்து எதிரொலி திரும்புகின்றது என அளப்பர். ஒரே கட்டியிலிருந்து பல உணர்கொம்புகளுக்கு எதிரொலி வரும் நேரம் வேறுபடும். அவ்வேறுபாட்டைச் சரிசெய்து யாவற்றையும் கூட்டினால், கட்டி உள்ள புள்ளியில் மட்டும் எதிரொலிகள் ஒன்றையொன்று வலுப்படுத்தி எழும். அமெரிக்காவில் சூசன் ஹக்னெஸ், ரஃப்லவ், பிரிட்ஜஸ் ஆகியோர் 1998இற் கணனிக் கணிப்பால் இவ்வழியைக் காட்டினர். இரண்டாவது வழியில், மார்பகத்தைச் சூழ உணர்கொம்புகளை வட்டமாக நிறுத்தி, ஒன்று செலுத்த ஏனையவை வாங்கும். பின்னர், உள்ளே எவ்விடத்தில் எவ்வளவு மின்னுழைய மாறிலி இருந்தால் இவ்வளவீடுகள் கிடைக்கும் எனக் கணனி திரும்பத்திரும்ப ஊகித்துத் திருத்திச்செல்லும். குளத்தில் எழுந்த அலைகளைக் கரையில் நின்று அளந்து, நீருள் மறைந்திருக்கும் கற்களின் கிடையை உய்த்துணர்வதை இஃதொக்கும். கணிதப் பளு மிகுந்த வழி இது. டாட்மத் கல்லூரியைச் சேர்ந்த மீனி, போல்சன் முதலானோர் 16 உணர்கொம்புகளைக் கொண்ட கருவியால் ஐந்து பெண்களிடம் இவ்வழியிற் படமெடுத்து 2000இல் வெளியிட்டனர். உயிருள்ள மார்பகத்தை இவ்வாறு படமாக்கிய முன்னோடி முயற்சிகளுள் அது தலையாயது. பெண் குப்புறப் படுத்திருக்க, கட்டிலிலுள்ள துவாரத்தினூடு மார்பகம் கீழுள்ள திரவத் தொட்டியினுள் தொங்கும். அழுத்துதல் இல்லை; நோவும் இல்லை.

திரவம் எதற்கு எனின், கூறுவாம். காற்றின் எண் 1. தோலின் எண் ஏறத்தாழ 40. இத்துணை ஏற்றத்தாழ்வுள்ள எல்லையில் அலையின் சத்தியிற் பாதிக்குமேல் உட்புகாமலே தெறித்துவிடும். தோலின் அப்பேரொலியிற் கட்டியின் மெல்லொலி அமிழ்ந்துபோம். ஆகவே, உடலிழையத்துக்கு ஏறக்குறைய ஒத்த எண்ணுடைய ஒரு திரவத்தை இடையிலே நிரப்பி அலையை ஏமாற்றி உள்ளே அனுப்புவர். திரவம் செய்யும் உதவி இன்னொன்றும் உண்டு. எண் 9 உள்ள ஊடகத்தில் அலையின் வேகம் மூன்றிலொன்றாகும். காற்றிற் 10 சதமமீற்றர் நீளமுள்ள அலை அங்கே ஏறத்தாழ 3.3 சதமமீற்றராகச் சுருங்கும். அலை குறுகக் குறுகப் படம் தெளியும்.

இத்திரவத்தைத் தேடியதிலே நமக்கு அண்மையில் நடந்த முயற்சியொன்று சுவைமிக்கது. கேரளத்துக் கொச்சி விஞ்ஞான தொழினுட்பப் பல்கலைக்கழகத்தில் ஜி. பிந்து, கே. ரி. மாத்யு முதலாய ஐவர் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வு அது. சத்திரசிகிச்சையால் அகற்றிய மார்பகத்திலிருந்து, ஒரே பெண்ணின் நல்லிழையத்தையும் புற்றிழையத்தையும் எடுத்து, அகற்றிய 30 நிமிடத்துள் அவற்றைச் சோதித்தனர். உடலைவிட்டு நீங்கிய இழையம் விரைவில் நீர்வற்றும். நீர்வற்றினால் எண் பிழைக்கும். இவ்வவசரத்தின் காரணம் அதுவே. இருவேறு பெண்களின் இழையங்களை ஒப்பிடாது ஒருவரின் இரு இழையங்களையே ஒப்பிட்டதும் கவனிக்கத்தக்கது. இணைப்புத் திரவமாக அவர்கள் தேர்ந்தது சோளப்பாகு! பலகாரத்துக்கு ஊற்றும் அப்பாகின் மின்னியல்புகள் நல்லிழையத்தின் இயல்புகளோடு நன்கு பொருந்தினவாம். அலையைச் செலுத்தியது, இரு முக்கோணங்கள் நுனியொடு நுனி பொருந்திய, நம் உடுக்கின் பக்கத்தோற்றத்தை ஒத்த ஓர் உணர்கொம்பு. மேற்கூறிய இரு வழிகளையும் அவர்கள் முயன்றனர். இரண்டாம் வழியிற் கையாண்ட அலை செக்கனுக்கு 300 கோடி அதிர்வுடையது. விலையுயர்ந்த பொருள்களின்றி இப்பெரும் வினாவை அணுகிய அவர்தம் துணிவு பாராட்டுதற்குரியது.

இத்துறையில் இந்தியரின் தொடர்பு இதற்கும் முந்தியது. சௌத்திரி, மிஸ்ரா, சுவரூப், தோமஸ் ஆகிய நால்வர், நல்ல மார்பிழையத்தினதும் புற்றிழையத்தினதும் மின்னியல்புகளைச் செக்கனுக்கு 30 இலட்சம் அதிர்விலிருந்து 300 கோடி அதிர்வு வரை அளந்து, 1984இல் இந்திய ஆய்வேடொன்றில் வெளியிட்டனர். இரண்டிற்கும் பெரு வேற்றுமை உண்டென்பது அவர்கள் கண்டது. பின்னர் உலகெங்கும் எழுந்த நுண்ணலைப் பட ஆய்வுகள் தம் நம்பிக்கைக்கு ஆதாரமாக எடுத்துக்காட்டிய அளவீடுகளுள் அதுவும் ஒன்று. தமிழர் பங்கும் உண்டு. கவிதா அருணாசலம் என்பார் மிச்சிகன் அரசுப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தபோது, வேண்டியவாறு வளைந்து கொடுக்கும் ஓர் ஆடியால் நுண்ணலையைத் திருப்பித் திருப்பி மார்பகத்திற் செலுத்திப் படமாக்கும் வழியொன்றைக் கணிப்பால் ஆராய்ந்தார். அது 2008இல் வெளியாயிற்று. பின்னர்ச் சென்னை இந்தியத் தொழினுட்பக் கழகத்திற் பேராசிரியராகி, நுண்ணலையாற் கட்டியைச் சூடாக்கிச் சிகிச்சைக்குத் துணைசெய்யும் முறையிலும் உழைத்து வருகின்றார். நோயைக் காண உதவும் அலையே, சத்தியைக் கூட்டினால், நோயைத் தாக்கவும் உதவுகின்றது.

இங்கிலாந்திற் பிறிஸ்ரல் பல்கலைக்கழகத்திலே விளைந்த முயற்சி வலிகாமம் வடக்கில் வாழும் எமக்குத் தனியாக உறைப்பது. அதன் வித்து வைத்தியத்தில் விழுந்ததன்று. றல்ப் பெஞ்சமின் என்னும் பேராசிரியர் நிலத்துட் புதைந்த கண்ணிவெடிகளை றேடாராற் கண்டறியும் வழியை ஆராய்ந்துகொண்டிருந்தார். உலோகம் மிகுந்த வெடியை உலோகங்காண் கருவி எளிதிற் காணும். பிளாஸ்ரிக்கினால் ஆன வெடியை அஃது எளிதிற் காணாது. ஆனால் மண்ணுக்கும் பிளாஸ்ரிக்குக்கும் மின்னியல்பு வேறாதலின், றேடார் அலை அங்கே தெறிக்கும். மண்ணின் மேற்பரப்பிலிருந்து வரும் பெருந்தெறிப்பை நீக்கி, உள்ளிருந்து வரும் சிறுதெறிப்பைப் பிரித்தறிவதே அதன் அரிய பகுதி. மண்ணின் மேற்பரப்புக்குப் பதிலாகத் தோல். வெடிக்குப் பதிலாகக் கட்டி. கணிதம் ஒன்றே! யுத்தத்தின் பின்னர் இப்பகுதிக் காணிகளில் அங்குலம் அங்குலமாக நிலத்தைத் தடவிச் சென்றோரைக் கண்டவர்களுக்கு, அந்தப் பொறுமையே மார்பகத்தைத் தேடும் கருவியிலும் வேண்டப்படுவதென்பது சொல்லாமலே விளங்கும்.

பிறிஸ்ரல் கருவியில் மார்பகம் மட்பாண்ட இயல்புடைய ஒரு கிண்ணத்திற் பொருந்தியிருக்கும். கிண்ணத்தைச் சூழ உணர்கொம்புகள் அமைந்திருக்கும். 2008 அளவில் அந்நகரத்துப் பிறஞ்சே வைத்தியசாலையில் அது பெண்களிடம் பயன்படுத்தப்பட்டது. செக்கனுக்கு 300 கோடி முதல் 800 கோடி வரை அதிரும் அலைகளைக் கொண்டு, 86 நோயாளரிடம் சோதித்த பெறுபேறு 2016இல் வெளிவந்தது. நூற்றுக்கு 74 வீதத்துக்குச் சற்று மேலானோரிடம் கருவி காட்டிய இடமும், எக்ஸ் கதிரோ கழியொலியோ காட்டிய இடமும் ஒத்திருந்தன. சுரப்பி செறிந்த மார்பகங்களிலும் இவ்வீதம் குறையவில்லை என்பது மகிழ்ச்சிக்குரியது. எனினும் இவ்வெண்ணை அறிந்து படித்தல் வேண்டும். அவர்கள் யாவரும் ஏற்கனவே நோய்க்குறி கண்டு மார்பக வைத்தியரை நாடி வந்தோர். ஊரிலுள்ள நலமான பெண்களுள்ளிருந்து பொறுக்கப்பட்டோர் அல்லர். மேலும், நால்வருள் ஒருவரின் கட்டி ஒத்துவரவில்லை. கட்டியில்லாத பெண்ணிடம் கட்டியுண்டெனக் கருவி எத்தனை முறை பொய்யாக அஞ்சுறுத்தும் என்னும் வினாவுக்கு இவ்வீதத்தில் விடையே இல்லை. செய்தித்தாளில் ‘புதுக்கருவி 74 வீதம் கண்டுபிடித்தது’ என்னும் தலைப்பைக் காணுங்கால் இவற்றை எண்ணிப் பார்த்தல் நன்று.

இனிக் கூறப்புகுவது இத்துறையின் உயிர்நாடியான செய்தி. மேலே கொழுப்புக்கும் புற்றுக்கும் பத்து மடங்கு வேற்றுமை என்றோம். ஆனாற் புற்று பெரும்பாலும் தோன்றுவது கொழுப்பில் அன்று. பாற்குழாய்களிலும் சுரப்பிச் சோணைகளிலுமாம். அப்படியாயின் கேட்கவேண்டிய வினா, சுரப்பி இழையத்துக்கும் புற்றுக்கும் எவ்வளவு வேற்றுமை என்பதன்றோ? பழைய அளவீடுகள் சில, எடுத்த மாதிரியில் எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு சுரப்பி என்பதைப் பிரித்துப் பாராமல் ‘நல்லிழையம்’ என ஒன்றாக வைத்து அளந்திருந்தன. விஸ்கொன்சின், கல்கரி என்னும் இரு பல்கலைக்கழகத்தாரும் இணைந்து, சத்திரசிகிச்சைகளிற் கிடைத்த மாதிரிகள் பலவற்றை, ஒவ்வொன்றினதும் கொழுப்பு வீதத்தை நுணுக்குக்காட்டியாற் கணித்து அளந்தனர். 2007இல் முடிவை வெளியிட்டனர். கொழுப்புக்கும் புற்றுக்கும் பத்து மடங்கு என்பது உண்மையே. ஆனாற் சுரப்பி இழையத்துக்கும் புற்றுக்கும் இடையே வேற்றுமை நூற்றுக்குப் பத்து வீதமளவே!

பத்து மடங்குக்கும் பத்து வீதத்துக்கும் உள்ள தூரத்தைக் கல்லூரியிற் கற்ற பௌதிகத்தைக் கொண்டே கணித்துப் பார்க்கலாம். தட்டையான எல்லையொன்றில் அலை நேரே விழுகின்றதென்றும், இழையத்தின் கடத்துதிறனைப் பொருட்படுத்தாமல் விடலாமென்றும் கொள்வோம். எண் 5 உள்ள கொழுப்பிலிருந்து எண் 50 உள்ள கட்டியில் விழும் அலையின் சத்தியில் ஏறத்தாழ 27 வீதம் தெறிக்கும். எண் 45 உள்ள சுரப்பியிலிருந்து எண் 50 உள்ள கட்டியில் விழும்போதோ, பதினாயிரத்தில் ஏறத்தாழ 7 பங்கே தெறிக்கும். எதிரொலி நானூறில் ஒரு பங்காகிவிட்டது. போதாக்குறைக்கு, நீர்மிக்க சுரப்பி இழையம் அலையைத் தானே உறிஞ்சியும் கொள்ளும். எக்ஸ் கதிர் எங்கே தடுமாறுகின்றதோ அங்கேயே நுண்ணலையும் தடுமாறுகின்றது. துணைக்கு வருமென எதிர்பார்த்த இடத்திலேயே அதன் கை தளர்கின்றது.

இவ்வளவீட்டை வெளியிட்டோருள், 1998இல் இவ்வழியைத் தொடக்கிவைத்த சூசன் ஹக்னெஸ் அம்மையாரும் ஒருவர். தாம் நட்ட மரத்தின் வேரைத் தாமே தோண்டி, அதன் ஆழத்தை ஒளியாது உலகுக்குரைத்த அச்செயலை யான் அவருடைய கண்டுபிடிப்புக்கள் யாவற்றிலும் பெரிதாக மதிக்கின்றேன். அவர்தம் அளவீடு பொய்த்திருந்தால், ஆயிரக்கணக்கான பெண்கள் நம்பிச் சென்றபின்னரே உண்மை வெளிப்பட்டிருக்கும்.

அதன்பின் ஆய்வாளர் பல கிளைகளாகப் பிரிந்தனர். இயற்கையில் இல்லாத வேற்றுமையைச் செயற்கையாக உண்டாக்க, கட்டியில் தங்கக்கூடிய நுண்குமிழிகளையோ காந்தத் துகள்களையோ செலுத்திப் பார்க்கலாமெனச் சிலர் ஆராய்கின்றனர். ஜப்பானிலே ஹிரோசிமாப் பல்கலைக்கழகத்தார் கையிற் பிடித்துத் தடவிச் செல்லத்தக்க சிறு றேடார்க் கருவியொன்றை ஆக்கி, 2017இல் நோயாளர் சிலரிடம் சோதித்த முடிவை வெளியிட்டனர். எனக்கு யாவற்றினும் பொருத்தமாகத் தோன்றுவது டாட்மத் கல்லூரியார் 2013இற் காட்டிய வழி. கட்டி எங்கே என்பது முன்னரே தெரிந்த நோயாளரை எடுத்துக்கொண்டு, சத்திரசிகிச்சைக்குமுன் அளிக்கப்படும் மருந்துக்குக் கட்டி இணங்குகின்றதா என நுண்ணலையாற் பார்த்தனர். இங்கே புற்றைச் சுரப்பியோடு ஒப்பிடவேண்டியதில்லை. இன்றைய கட்டியைச் சென்ற மாதக் கட்டியோடு ஒப்பிட்டாற் போதும். மருந்து பலித்தாற் கட்டியின் நீர் குறையும். நீர் குறைந்தால் எண் குறையும். தீங்கற்ற அலையாதலின் வேண்டியபோதெல்லாம் திரும்பத்திரும்பப் பார்க்கலாம். மருந்து பலியாத நோயாளிக்கு வீணான வாந்தியும் முடியுதிர்வும் சில வாரங்களாவது குறையுமாயின் அது சிறு பயனன்று.

இங்கே ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். பெங்களூரில் 2016இல் தொடங்கிய நிரமை என்னும் நிறுவனம் மார்பகத்தின் வெப்பத்தைப் படமெடுத்துக் கணனியால் ஆராயும் முறையொன்றைப் பரப்பி வருகின்றது. அஃது உடல் தானே வீசும் செங்கீழ்க் கதிரை வாங்குவது. அலை எதனையும் உட்செலுத்துவதன்று. நுண்ணலைப் படத்தோடு அதனை ஒன்றாக வைத்துப் பேசுதல் பொருந்தாது. நுண்ணலைப் படமோ, நலமான பெண்களைச் சோதிக்கும் நாளாந்த வழக்கில் எக்ஸ் கதிரின் இடத்தை எந்நாட்டிலும் இன்னும் பெற்றிலது.

நம்மூர் நிலைக்கு வருவோம். நெடுங்காலமாக வடபகுதிப் புற்றுநோயாளர் பலர், கதிர்ச்சிகிச்சைக்காகக் கொழும்பை அடுத்த மகரகமைக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர் செல்லவேண்டியிருந்தது. யுத்தகாலத்தில் அப்பயணம் எத்தகையதென்பதை இங்கு எழுதவேண்டியதில்லை. 2011இல், நாட்டின் தென்முனையாகிய தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாள் நடந்து பொதுமக்களிடம் திரட்டிய நிதியைக் கொண்டு அளவெட்டிக்கு அயலூராகிய தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. தெற்கிலும் வடக்கிலும் முகமறியாதார் பலரின் காசு அக்கட்டடத்திற் சேர்ந்துள்ளது. ஆகவே தூரம் என்னும் தடை இன்று பெரிதும் நீங்கிற்று. கருவி வரட்டும் எனக் காத்திருக்கும் புதுத்தடையொன்று அவ்விடத்தில் வந்து நிற்றல் ஆகாது என்பதே என் கவலை. ‘நோவில்லாத மெஷின் வரப்போகுதாம், பாத்துக்கொள்ளுவம்’ என்னும் பேச்சை யான் கேட்டதுண்டு. கட்டி காத்திராது. தொடக்கத்தில் அது பெரும்பாலும் நோவதும் இல்லை. நோவாமையே பலரை ஏமாற்றுகின்றது.

நம் நாட்டில் நலமான பெண்கள் யாவருக்கும் எக்ஸ் கதிர்ப் படமெடுக்கும் பொதுத்திட்டம் இல்லை. அதற்குப் பதிலாக உள்ளது பயின்ற கையின் சோதனை. 1996இல் தொடங்கப்பட்ட சுகவனிதையர் கிளினிக்குகளிலே 35 வயதிலும் 45 வயதிலும் பெண்களை அழைத்து, மார்பகத்தையும் கருப்பைக் கழுத்தையும் சோதித்து, இரத்த அழுத்தமும் பார்ப்பர். மார்பில் அல்லது கமக்கட்டிற் புதுக் கட்டி, தோலில் குழிவு அல்லது தோடம்பழத் தோல் போன்ற தடிப்பு, காம்பு உள்ளிழுத்தல், காம்பிலிருந்து இரத்தம் கசிதல் ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டோர் எவ்வயதினராயினும் அழைப்பை எதிர்பாராது செல்லலாம். கிளினிக் நடைபெறும் நாளைத் தத்தம் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமோ, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ கேட்டறியலாம். கட்டணம் இல்லை.